கருத்து மகளுடையது, பெயர் அப்பாவுடையது

இந்த நாட்டில் செய்தி வாசிப்பது சில வேளைகளில் வேடிக்கையான காரியம். ஒரு நாள் காலை, கனடாவின் கியூபெக்கில் நான் இருக்கும் பியர்பொன்ட்ஸில் பேருந்துக்குக் காத்து நின்றபடி கைபேசியைத் திறந்தேன். அமெரிக்காவில், மிச்சிகனில் இருக்கும் என் அக்காவின் மகள் டிலானி தன் சமூக வலைத்தளப் பக்கத்தில் ஏதோ போட்டிருந்தாள். தொட்டால் ஒரு வெற்றுப் பெட்டி மட்டும் வந்தது. கனடாவில் இருப்பவர்கள் இதைப் பார்க்க முடியாது என்று அதற்குள் இரண்டு வரி. யாழ்ப்பாணத்தில் வளர்ந்த ஒருத்திக்கு வேறென்ன தோன்றும்? பிள்ளை எதையோ எழுதி மாட்டிக்கொண்டாள், இரண்டு அரசாங்கங்களும் சேர்ந்து மறைத்துவிட்டன என்று நினைத்தேன். வந்த பேருந்தையும் விட்டுவிட்டு அவளை அழைத்தேன்.

"ஐயோ சித்தி, அது அரசாங்கம் இல்லை" என்று சிரித்தாள் டிலானி. "செய்திக்குக் காசு குடு எண்டு உங்கட கனடா அந்த வலைத்தளக் கொம்பனியிட்டக் கேட்டது. அவங்கள் கனடாவுக்குச் செய்தி காட்டுறதையே நிப்பாட்டிப்போட்டாங்கள். இவ்வளவு நாளும் உங்களுக்குத் தெரியாதா?"

உண்மையாகவே எனக்குத் தெரியாது. என் பக்கத்தில் வருவதெல்லாம் கலியாணப் படங்களும் கத்தரிக்காய்க் குழம்பும்தான். அவற்றை எந்த நாடும் தடுப்பதில்லை. "அப்ப உனக்கு ஒரு பிரச்சினையும் இல்லையோ?" என்று கேட்டேன். சிரிப்பு நின்றது. "இருக்கு சித்தி. ஆனா அது அப்பா" என்றாள்.

டிலானி பிறந்தது மிச்சிகனில். அங்கே ஒரு சிறிய ஊரின் வாரப் பத்திரிகையில் வேலை செய்கிறாள். அந்த ஊர் நூலகத்தில், பெற்றோர் சிலர் முறைப்பாடு செய்ததால், சிறுவர் பகுதியிலிருந்து சில புத்தகங்களை எடுத்துவிட்டார்கள். அது பிழை என்று அவள் ஒரு கருத்துக் கட்டுரை எழுதினாள். அதற்குள் தன் அப்பாவின் கதையையும் வைத்தாள். எங்கள் யாழ்ப்பாண நூலகம் எரிக்கப்பட்ட மறுநாள், பள்ளிக்கூடப் பையனாக இருந்த அவர் போய்ப் பார்த்து, காற்றில் பறந்த கடதாசிச் சாம்பலைக் கையில் பிடித்த கதை. கட்டுரையின் மேலே டிலானி அருளானந்தம் என்று முழுப்பெயர். வில்லங்கம் தொடங்கியது அந்தப் பெயரில்தான்.

வெள்ளைக்காரருக்குப் பின்பெயர் என்பது குடும்பத்துக்குப் பொதுவானது. எங்களுக்கு அப்படியா? அருளானந்தம் என்பது குடும்பப் பெயர் அல்ல, ஓர் ஆள். என் அக்காவின் கணவர், என் அத்தான். கார் உதிரிப்பாகத் தொழிற்சாலை ஒன்றில் அந்தப் பெயரைச் சட்டையில் குத்திக்கொண்டு நிற்கிறவர். கட்டுரை வந்த கிழமை, கூட வேலை செய்பவர்கள் மதியச் சாப்பாட்டு மேசையில் பத்திரிகையை விரித்துவைத்து, "அருள், நீ அந்தப் பக்கமா?" என்று கேட்டிருக்கிறார்கள். அத்தானும் அவர்களும் ஒரே கட்சிக்கு வாக்குப் போட்டவர்கள். புத்தகங்களை எடுத்தது சரி என்பதுதான் அத்தானின் கருத்தும். ஆனாலும் இவ்வளவு காலமும் அவரோடு ஒரே காரில் வேலைக்கு வந்த ஒருவர், அடுத்த நாளிலிருந்து தனியாக வரத் தொடங்கினார். அத்தான் வீட்டுக்கு வந்து மகளிடம் சொன்னது ஒன்றே ஒன்று: "உன்ர கருத்துக்கு என்ர பேரைப் போடாத."

அப்பாவின் பெயரை எடுத்தால் அவள் வெறும் டிலானி. ஒற்றைப் பெயரில் கருத்துக் கட்டுரை போடமாட்டோம் என்றது பத்திரிகை. ஒன்று அவள் எழுதுவதை விடவேண்டும், அல்லது அப்பாவை விடவேண்டும் என்ற கட்டத்துக்கு வந்துவிட்டது. மூன்று மாதமாக இருவருக்கும் பேச்சு இல்லை. அக்கா இடையில் நின்று அழுதுகொண்டிருந்தாள்.

அத்தானைக் கோழை என்று நினைத்துவிடாதீர்கள். அவர் இளந்தாரியாக இருந்த காலத்தில், கூட்டுறவுச் சங்கக்கடையில் கோதுமை மா பங்கிடுவதில் நடந்த அநியாயத்தைப் பற்றி ஊர்ப் பத்திரிகைக்கு ஒரு கடிதம் எழுதினார். அந்த நாளில் எல்லோரும் "ஓர் அவதானி" என்றும் "பாதிக்கப்பட்டவன்" என்றும் ஒளிந்துகொண்டு எழுதுவார்கள். இவர் சொந்தப் பெயரைப் போட்டார். கடிதம் வந்த அன்று பின்னேரம், யாரோ சைக்கிளில் வந்து "ஆர் இந்த அருளானந்தம்?" என்று சந்தியில் விசாரித்திருக்கிறார்கள். வந்தது யார் என்று அவர் இன்றுவரை சொன்னதில்லை. அப்போது அப்படி விசாரித்து வருவதற்குப் பல தரப்பு இருந்தது. அத்தான் மன்னாருக்குப் போய், அங்கிருந்து கடல் கடந்து, கடைசியில் அமெரிக்கா போய்ச் சேர்ந்தார். அதன் பிறகு அவர் பத்திரிகைக்கு ஒரு வரி எழுதவில்லை. பெயர் அச்சில் வந்தால் ஆள் தேடி வரும் என்பது அவருடைய உடம்பில் ஊறிப்போன அறிவு. சுதந்திரமான நாடு, விரும்பியதைச் சொல்லலாம் என்று நம்பி வந்த இடத்தில், கார் கூட்டாளி முகத்தைத் திருப்பியதும் பழைய பயம் முழுசாக எழும்பிவிட்டது. எனக்கு அவர்மேல் கோபம் வந்தது, பாவமாகவும் இருந்தது.

ஆகஸ்ட் முடிவில், இங்கே செப்டம்பர் தொடக்கத்தில் வரும் தொழிலாளர் தின விடுமுறைக்கு மூவரும் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். அக்காவின் பிடிவாதம். ஒரு பகல் முழுக்கக் காரோட்டம். அத்தான் ஒரு வானொலியைப் போட, டிலானி வேறொன்றுக்கு மாற்ற, கடைசியில் அக்கா இரண்டையும் நிறுத்திவிட்டுச் செபமாலை தொடங்கினாளாம். "நல்ல காலம், கடவுள் எந்தக் கட்சி எண்டு இதுகள் கேக்கேல்லை" என்றாள் இறங்கும்போது. வீட்டுக்குள் அப்பாவும் மகளும் என்னைத் தபால்காரியாக்கினார்கள். "சித்தி, அப்பாட்டக் கேளுங்கோ தேத்தண்ணி வேணுமோ எண்டு." "ரெஜி, வேண்டாமெண்டு சொல்லு." இரண்டு பேரும் ஒரே சோபாவில்தான் இருந்தார்கள்.

மறுநாள் பின்னேரம் அடுத்த வீட்டு ஜில் எங்களை எல்லாம் தன் பின்வளவுக்குக் கூப்பிட்டார். ஜில் ஓய்வுபெற்ற மின்தொழிலாளி, பிரெஞ்சு பேசும் கியூபெக்காரர். கோடை முடிவில் உறவினரைக் கூட்டிச் சோளம் அவித்துக் கொடுப்பது இங்குள்ளவர்களின் வழக்கம். சோளத்துக்கு இவர்கள் வைத்திருக்கும் பெயர் 'ப்ளே டாண்ட்', அதாவது இந்தியக் கோதுமை. முதல் வருடம் அவர் "இந்தியக் கோதுமை சாப்பிட வா" என்றபோது, என்னைப் பார்த்து நக்கலடிக்கிறார் என்று நினைத்து நான் இரண்டு கிழமை வணக்கம் சொல்லவில்லை. இப்போது முதல் ஆளாகப் போய் உட்காருவேன்.

நாங்கள் இரண்டாவது சோளத்தைக் கடித்துக்கொண்டிருக்கும்போது சத்தம் தொடங்கியது. ஜில்லும் அவருடைய மனைவியின் தம்பியும் எழுந்து நின்று, ஒருவர் முகத்துக்கு நேரே ஒருவர் கையை நீட்டிக் கத்தினார்கள். ஜில்லின் முகம் மிளகாய்ப்பழம். எனக்கு இது பழகிப்போன கூத்து. அத்தான் சோளத்தைக் கீழே வைத்தார்.

"ரெஜி, என்னத்துக்குச் சண்டை பிடிக்கினம்?"

"கியூபெக் தனிநாடாப் போகவேணும் எண்டுறார் ஜில். மற்றவர் விசர்க்கதை எண்டுறார்."

"தனிநாடோ?" அத்தான் வேலிக்கு அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தார். குரல் தானாகவே இறங்கியது. "மெல்லக் கதைக்கச் சொல்லு பிள்ளை. றோட்டால ஆக்கள் போகினம். எழும்புங்கோ, நாங்கள் போவம்."

எனக்குச் சிரிப்பு வந்தது, உடனே கண்ணும் கலங்கியது. தனிநாடு என்ற சொல்லை வெறும் கையோடு, பின்வளவில், வாயில் சோளத்தோடு கத்தலாம் என்பதை அவருக்கு எப்படி விளக்குவது? அதற்குள் ஜில், வேர்த்து வழிந்தபடி, தட்டை நீட்டிக்கொண்டு எங்களிடம் வந்துவிட்டார். அத்தான் அவரிடம் தன் ஆங்கிலத்தில் கவலையோடு கேட்டார், நாளைக்கு அந்த மனிதரோடு கதைப்பீர்களா என்று. ஜில்லுக்குக் கேள்வி விளங்கவில்லை. "நாளைக்கா? அவன் இன்றிரவு என் வீட்டில்தான் படுக்கிறான். இவ்வளவு குடித்துவிட்டு எப்படிக் காரோட்டுவது?" என்றார். அத்தான் மறுபடி உட்கார்ந்தார்.

ஜில் சும்மா இருக்கும் ஆள் இல்லை. டிலானி பத்திரிகைக்காரி என்று தெரிந்ததும், "அப்பா வாசிப்பாரா?" என்று கேட்டுவைத்தார். அக்கா என் கையை இறுக்கிப் பிடித்தாள். அத்தான் வாயைத் துடைத்துக்கொண்டார். பிறகு, "ஷீ ரைட்ஸ். மை நேம் கோஸ்" என்றார்; எழுதுவது அவள், கெட்டுப்போவது என் பெயர் என்று. மூன்று மாதக் கோபம் முழுவதும் அந்த நான்கைந்து சொல்லில் இருந்தது. ஜில்லுக்கு அது பெருமையாக விளங்கிவிட்டது. "ஆ! பத்திரிகையில் உங்கள் பெயர்! பெரிய விஷயம்!" என்று அத்தானின் முதுகில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டி, எல்லோரையும் எழுப்பி, கிண்ணத்தைத் தூக்கச் சொன்னார். "பெயர் என்ன, பெயர் என்ன?" என்று கேட்டு, வளவு முழுக்க "அரூலாதான்!" "அரலானாம்!" என்று கத்தி, "சாந்தே!" என்று பிரெஞ்சில் நலம் வாழ்த்திக் குடித்தது. அத்தானால் பொறுக்க முடியவில்லை. எழுந்து நின்று, சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்பதுபோல, "நோ, நோ. அ-ரு-ளா-னந்-தம்" என்றார். இரண்டு மூன்று தரம் சொல்லவைத்தார். தனிநாடு கேட்டவரும் வேண்டாம் என்றவரும் சேர்ந்து அதைச் சொன்னார்கள். டிலானி வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பதைக் கண்டு அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

உடனே சமாதானம் ஆகிவிட்டது என்று நினைக்காதீர்கள். சிரிப்பு முடிந்த கையோடு சண்டை தொடங்கியது. ஆனால் இந்த முறை நான் தபால் காவவில்லை.

"எங்கட நூலகத்தை ஏன் அதுக்குள்ள இழுத்தனீ?" என்றார் அத்தான், நேரே மகளைப் பார்த்து. "எங்கட சாம்பலை எடுத்து அவையின்ர சண்டையில பூசாத. அது வேற, இது வேற."

"எனக்கு அந்தக் கதையைச் சொன்னது நீங்கள்தானே அப்பா?"

"மறக்கக்கூடாது எண்டு சொன்னனான். விக்கச் சொல்லேல்லை."

"நான் விக்கேல்லை!" டிலானியின் குரல் ஜில்லின் குரலளவுக்கு எழும்பியது. "நான் எழுதினது பிழையெண்டா, பிழையெண்டு எழுதுங்கோ. நான் குடுத்துப் பேப்பரில போடுவிக்கிறன். பேரை எடு, பேரை எடு எண்டு சொல்லாதேங்கோ. அது என்ர பேரும்தான்."

"என்ர இங்கிலிசை ஆர் வாசிப்பினம்?" என்றார் அத்தான் மெதுவாக.

"நான் திருத்தமாட்டன். உங்கட எழுத்திலயே வரட்டும்."

அப்பாலே நின்ற ஜில் என்னிடம், இவர்களும் தனிநாட்டைப் பற்றித்தான் கதைக்கிறார்களா என்று ரகசியமாகக் கேட்டார். கிட்டத்தட்ட அப்படித்தான் என்றேன்.

கனடாவைத் தூக்கி வைத்து அமெரிக்காவைத் தாழ்த்த நான் இதை எழுதவில்லை. இங்கும் என் கைபேசியில் செய்தி வராது, இங்கும் எந்த மொழியில் என்ன எழுதலாம் என்று ஓயாத இழுபறி. எனக்குப் பிடித்தது அந்தப் பின்வளவுதான். கத்தி முடித்தவர்களுக்கு அங்கே படுக்கப் பாய் கிடைத்தது. அது மிச்சிகனிலும் முடியும் என்று அன்று எனக்கு நம்பிக்கை வந்தது.

திரும்பிப் போய்ச் சில கிழமைகளில் அக்கா தபாலில் ஒரு பத்திரிகைப் பக்கம் அனுப்பினாள். இடது பக்கம் டிலானியின் புதிய கட்டுரை. வலது பக்கம் வாசகர் கடிதம். தான் சிறுவனாக ஒரு நூலகம் எரிந்த சாம்பலைப் பார்த்ததாகவும், எரித்தவர்கள் யாரையும் கூட்டிக் கேட்கவில்லை என்றும் அத்தான் எழுதியிருந்தார். இந்த ஊரில் புத்தகங்களை எடுக்குமுன் கூட்டம் வைத்தார்கள், நானும் போய்ப் பேசலாம், ஆகவே என் மகளின் ஒப்பீடு பிழை என்று சொல்லிவிட்டு, அந்தக் கதையை அவளுக்குச் சொன்னவன் நானே என்பதால், அவள் அதை நினைவில் வைத்திருக்கிறாள் என்று குறைசொல்ல எனக்கு உரிமை இல்லை என்று முடித்திருந்தார். ஆங்கிலம் அங்கங்கே இடறியது. மகள் சொன்னபடியே கை வைக்கவில்லை. கார் கூட்டாளி இன்னமும் தனியாகத்தான் வருகிறாராம். ஆனால் மதியத்தில் மேசைக்கு வந்து, "உன் மகளுக்கா இப்படி எழுதினாய்?" என்று கேட்டாராம்.

நான் வாசித்து முடிக்கவும் தொலைபேசி அடித்தது.

"ரெஜி, பேப்பர் வந்ததோ?"

"வந்தது அத்தான். நல்லா எழுதியிருக்கிறியள்."

"அதை விடு. என்ர பேரைப் பாத்தியோ?" குரல் கொதித்தது. "ஒரு எழுத்தை விழுங்கிப்போட்டாங்கள். அவளின்ரயில சரியாப் போட்டிருக்கிறாங்கள், என்ரயில பிழை. அடுத்த கிழமை திருத்தம் வரவேணும் எண்டு அவளிட்டச் சொல்லிட்டன்."

பக்கத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். மிச்சிகனில் பிறந்தவளின் பெயர் ஓர் எழுத்தும் பிசகாமல் ஒரு பக்கம். அந்தப் பெயரைக் கடல் கடந்து கொண்டுவந்தவரின் பெயர் ஓர் எழுத்துக் குறைந்து மறுபக்கம். நடுவில் மெல்லிய கறுப்புக் கோடு. கோட்டின் இரண்டு பக்கத்திலும் விரலை வைத்துக்கொண்டு, "ஓம் அத்தான், திருத்தத்தான் வேணும்" என்றேன்.