வேண்டாம் என்ற தண்ணீர்

மறைமலை நகரில் நான் வேலை பார்த்த தொழிற்சாலையின் மனமகிழ் மன்றத்தில் கேரம் ஆடுவதைத் தவிர உருப்படியாக எதுவும் நடந்ததில்லை. எண்பதுகளின் தொடக்கத்தில் அங்கே யாருக்கோ சமூக சேவை ஆசை வந்தது. ஆளுக்கொரு ஏழைப் பிள்ளைக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் பாடம் சொல்லித்தர வேண்டும் என்றார்கள். ஆபீஸில் டைப்பிஸ்டாக இருந்த நான் முதல் ஆளாகக் கை தூக்கினேன். வாடகை அறையில் தனியாக இருந்தவளுக்கு ஞாயிற்றுக்கிழமை நகரவே நகராது. அதை வெளியே சொல்ல முடியுமா? சேவை என்று சொல்லிக்கொண்டேன்.

எனக்குக் கிடைத்தவள் ரோட்டுக்கு அந்தப்புறம் இருந்த காலனியிலிருந்து வந்தாள். ஐந்தாம் வகுப்பு, வாய் மூடாது. என்னை டீச்சர் என்று கூப்பிட்டாள். நான் டீச்சர் இல்லை. ஆனால் கேட்க நன்றாக இருந்ததால் திருத்தவில்லை. கணக்குப் போடும்போதே எழுந்துபோய் என் பானையிலிருந்து தண்ணீர் மொண்டு, என் டம்ளரில் வாய் வைத்துக் கடகடவென்று குடிப்பாள். நான் சாதியெல்லாம் பார்க்காதவள் என்று அப்போதெல்லாம் எனக்கு நானே முதுகில் தட்டிக்கொள்வேன்.

பரீட்சை முடிந்த வாரம் அழுதுகொண்டே வந்தாள்.

"எங்கப்பா என்ன ஸ்கூல வுட்டு நிறுத்தறாரு டீச்சர். தம்பிய பாத்துக்க ஆளு இல்லியாம்."

நான் விடுவேனா? அன்று சாயங்காலமே அவளோடு கிளம்பிவிட்டேன். அவள் அப்பா ஒரகடம் பக்கம் கல்குவாரியில் லாரிக்குக் கல் ஏற்றுகிறவர். என்னைக் கண்டதும் எழுந்து சட்டையைத் தேடினார். அவள் அம்மா பாயை விரித்து, தேய்த்து மின்னிய சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினார்.

"வேணாம்மா, இப்பதான் குடிச்சிட்டு வந்தேன்" என்றேன்.

கும்பகோணத்தில் எங்கள் பழக்கம் அது. யார் வீட்டுக்குப் போனாலும் முதலில் வேண்டாம் என்போம். அவர்கள் விடமாட்டார்கள். இரண்டு தடவை வற்புறுத்திய பிறகு வாங்கிக் குடிப்போம். இங்கே யாரும் வற்புறுத்தவில்லை. அந்த அம்மா சொம்பைச் சட்டென்று பின்னால் இழுத்துக்கொண்டார். ஏதோ தப்பு செய்துவிட்ட முகம்.

"யே பொண்ணே, ஓடிப்போய் டீச்சருக்கு ஒரு கலர் வாங்கியா."

ஊர்க்காரர்கள் யாராவது வந்தால் அதுதான் அங்கே வழக்கமாம். காலனித் தண்ணீரைத் தொடாதவர்கள், கடையிலிருந்து மூடியோடு வரும் கலர் சோடாவைக் குடிப்பார்களாம். இது எனக்குப் பிறகுதான் தெரியும். ஆனால் அந்த முகம் மாறியதை அப்போதே பார்த்தேன். "கலர் எதுக்கு, அந்தத் தண்ணியையே குடுங்க" என்று கையை நீட்ட ஒரு நிமிஷம் ஆகியிருக்காது. நீட்டவில்லை. கலர் வந்தது, குடித்தேன்.

அவள் அப்பாவிடம் நிறையப் பேசினேன். "நீங்களே எங்க வூடு தேடி வந்து சொல்லிக்கினு கீறீங்க. அனுப்பறேன்" என்றார். மறுநாள் மன்றத்தில் இதைச் சொன்னபோது எல்லோரும் கை தட்டினார்கள். தலை கால் புரியாமல் திரிந்தேன்.

அடுத்த ஞாயிறு அவள் பையிலிருந்து புத்தகத்தோடு ஒரு அலுமினிய டம்ளரும் வெளியே வந்தது. பானைப் பக்கம் அவள் போகவில்லை. தாகம் எடுத்தபோது வாசல்படியில் இறங்கி நின்று டம்ளரை நீட்டினாள்.

"ஊத்துங்க டீச்சர்."

"இது இன்னாடி புதுசா?" நானும் அவளைப் போலவே பேசிச் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

"அன்னிக்கி நீங்க போனப்புறம் அம்மா கேட்டுச்சி, டீச்சர் வூட்ல எதுல தண்ணி குடிப்பேன்னு. ஒங்க டம்ளர்லன்னு சொன்னேன். அடிச்சிட்டுது. அவங்களே நம்ம வூட்ல தண்ணி குடிக்கல, நீ அவங்க டம்ளர்ல வாய வெச்சிக்கினு வந்து கீறியேன்னு."

என் டம்ளரை எடுத்து நீட்டினேன். கெஞ்சினேன். அதட்டியும் பார்த்தேன். அவள் தலையைக் குனிந்துகொண்டு தன் டம்ளரையே நீட்டியபடி நின்றாள். ஊற்றினேன். நான் அன்று சொன்னது வெறும் கும்பகோணத்து மரியாதைதானா? அந்தச் சொம்பை நீட்டிய கையை ஒரு கணம் நான் பார்க்கவில்லையா? இன்றுவரை என்னால் துணிந்து இல்லை என்று சொல்ல முடியவில்லை.

அன்றே அவளுக்கு முன்னால் வேகவேகமாக நடந்து அவள் வீட்டுக்குப் போனேன். உட்காரக்கூட இல்லை.

"அம்மா, குடிக்கத் தண்ணி குடுங்க" என்றேன். குரல் தேவைக்கு மேலேயே உரத்து வந்தது.

அவர் சங்கடமாகச் சிரித்தார். "சும்மா இருங்க டீச்சர். ஒங்களுக்கு எதுக்கு எங்க தண்ணி?"

திரும்பிப் பார்த்தேன். யாரும் சொல்லாமலே அவள் கடைக்கு ஓடிக்கொண்டிருந்தாள்.

ஜூன் மாதம் அவள் ஆறாம் வகுப்பில் சேர்ந்தாள். ஞாயிறு தவறாமல் என்னிடம் வந்தாள், அந்த டம்ளரோடு.