பச்சைக் கொடி வரும் வரை

போன ஞாயிற்றுக்கிழமை ஒரு கல்யாணத்தை நிறுத்தப் பார்த்தேன். வேண்டுமென்றே அல்ல... ஒழுங்குக்காக. எங்கள் இன்ஸ்பெக்டர் இந்தப் பத்தியைத் தவறாமல் படிப்பவர் என்று தெரிந்தேதான் எழுதுகிறேன்.

நான் முந்தி பட்டாளம், இப்போது கொல்லிமலையில் போலீஸ் ஏட்டு. பட்டாளத்தை விட்டு நான் வந்துவிட்டேன். பட்டாளம்தான் என்னை விட்டுப் போக மாட்டேன் என்கிறது. காலையில் சட்னி அரைக்கச் சொன்னால்கூட ஆர்டர் போடுவது மாதிரி இருக்கிறதாம். சொன்னது என் வீட்டுக்காரி என்று தனியாகச் சொல்ல வேண்டுமா?

லீவு நாளில் மலைப்பாதை டூரிஸ்ட் வண்டிகளால் திணறும். எனக்கு காஷ்மீர் ஞாபகம் வந்தது. அங்கே ஏறும் வண்டிகள் ஒரு கூட்டமாக வரும். கடைசி வண்டியில் பச்சைக் கொடி. அது வந்து சேர்ந்த பிறகுதான் இறங்கும் வண்டிகளை விடுவோம். அதையே இங்கும் செய்தால் என்ன? அடிவாரத்தில் கொடி கட்ட ஒரு கான்ஸ்டபிள், மலைக்கு மேலே சோளக்காடு என்கிற ஊரில் விசிலோடு நான்.

"ஏறுற வண்டிக்கு எறங்குற வண்டி ஒதுங்கும். அதுவே போதுமுங்களே ஏட்டய்யா" என்றார் பஸ் டிரைவர். நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

வண்டிகள் ஏறி வந்தன. பிறகு வரத்து நின்றது. கொடி மட்டும் வரவில்லை.

அடிவாரத்துக்குப் போன் போட்டேன். கொடி கட்டி அனுப்பி ரொம்ப நேரமாச்சு என்றார் கான்ஸ்டபிள். மேலே ஒரு வரிசை, கீழே ஒரு வரிசை, நடுவில் காலி ரோடு. காலி ரோட்டைக் காவல் காத்துக்கொண்டு நான். கொடி வராமல் விடலாமா? முறை என்று ஒன்று இருக்கிறதே.

அப்போதுதான் காளப்பநாயக்கன்பட்டி செல்லமுத்து அண்ணன் போன் செய்தார். அடிவாரக் கோயிலில் அன்று அவர் மகளுக்குக் கல்யாணம். நானும் போக வேண்டியவன்தான்.

"ஏனுங்க ஏட்டய்யா, மாப்ள வண்டி சோளக்காட்டுலயே நிக்குதாமுங்க. எவனோ ஒரு வெளங்காதவன் ரோட்ட மறிச்சு வெச்சிருக்கானாம். ஒம்பதரையோட முகூர்த்தம் முடியுதுங்க." குரல் உடைந்துவிட்டது.

"நீங்க கவலைப்படாதீங்கண்ணா. அவன நான் பாத்துக்கறேன்" என்றேன். சொன்ன பிறகுதான் கையில் இருந்த விசிலைப் பார்த்தேன்.

வரிசையில் பின்னால் ஓடினேன். பூ கட்டிய வேன். உள்ளே பட்டு வேட்டியில் வியர்த்துக்கொண்டு மாப்பிள்ளை, சோளக்காட்டில் பழக்கடை வைத்திருக்கும் பையன். "கொடி வந்துருச்சுங்களாண்ணா?" என்று அவ்வளவு மரியாதையாகக் கேட்டான். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். வெட்கத்தில் முகம் சுருங்கிப்போனது. ஒரு பெண்ணின் கல்யாணம் என் விசிலில் தொங்குகிறதே என்று பயமாகவும் இருந்தது.

முறையாவது ஒன்றாவது. பைக்கை எடுத்தேன். "என் பின்னாலயே வாங்க."

பாதி மலை இறங்கியதும் ஒரு வளைவோரம் டூரிஸ்ட் வேன் ஒன்று நின்றது. தரையில் என் பச்சைக் கொடி. அதை விரித்து, சுற்றி உட்கார்ந்து தக்காளி சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தது ஒரு குடும்பம்.

"வாங்க சார், ஒரு வாய் சாப்பிட்டுப் போங்க" என்றார் அந்த அம்மா. "விரிக்கத் துணி இல்லாமப் போச்சு. நல்லவேளை, கீழ ஒரு போலீஸ்காரர் இதக் கட்டிவிட்டார்."

எதற்காகக் கட்டுகிறோம் என்று நாங்கள் யாருமே சொல்லவில்லையே. அவரை என்ன சொல்வது?

முகூர்த்தம் முடியும் தறுவாயில் கோயில் வந்து சேர்ந்தோம். தாலி ஏறியது. எனக்கு அப்போதுதான் மூச்சே வந்தது. செல்லமுத்து அண்ணன் என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, "நீங்க மட்டும் இல்லீன்னா..." என்று கண் கலங்கினார். பந்தியில் தன் பக்கத்திலேயே உட்கார வைத்துப் பாயசம் ஊற்றச் சொன்னார்.

"ஆமாங்க, அந்த வெளங்காதவன் கெடச்சானுங்களா?"

"விசாரணை நடக்குதுங்கண்ணா."

எதிர்ப் பந்தியில் மாப்பிள்ளையோடு உட்கார்ந்திருந்த கல்யாணப் பெண் நிமிர்ந்து பார்த்தாள். காலையில் இருந்து மாப்பிள்ளை போனில் அவளிடம் எல்லாம் சொல்லியிருக்கிறான் போலிருக்கிறது.

"கெடச்சாச்சுங்கப்பா. உங்க பக்கத்துலதான் பாயசம் குடிச்சிட்டிருக்காரு."

பந்தியே சிரித்தது. அண்ணன் என்னைப் பார்த்தார். பிறகு பரிமாறுபவரிடம் திரும்பி, "இவருக்கு இன்னொரு டம்ளர் ஊத்துங்க சாமி" என்றார்.

கொடியைத் துவைத்து ஸ்டேஷன் பீரோவில் வைத்துவிட்டேன். தக்காளிக் கறை மட்டும் போகவில்லை... இருக்கட்டும், அடுத்த ஐடியா வரும்போது அதை ஒரு தடவை எடுத்துப் பார்த்துக்கொள்ள வேண்டும்.