முதல் வரியில் இருந்தவர்

பேய் பிசாசு என்று யாராவது கதை தொடங்கினால் எழும்பிப் போகிற ஆள் நான். லண்டன் ஈஸ்ட் ஹாமில் பஸ் ஓட்டுகிறவனுக்கு அதற்கெல்லாம் நேரமும் இல்லை. நீங்களும் நம்பவேண்டாம், நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

2009இல் இங்கிலாந்தின் 1911ஆம் ஆண்டுச் சனத்தொகைக் கணக்கெடுப்பை இன்டர்நெட்டில் போட்டார்கள். அப்பாவின் அப்பப்பா பிலிப்பு யாழ்ப்பாணத்திலிருந்து கப்பலேறிப் போனவர், திரும்பவேயில்லை. லண்டனில் வெள்ளைக்காரியைக் கட்டிக்கொண்டு ஊரிலிருந்த குடும்பத்தைக் கைவிட்டார் என்று ஊரில் பேச்சு. உண்மை என்னவென்று தெரிந்துகொண்டுதான் கண்ணை மூடுவேன் என்று அப்பா சொல்லிக்கொண்டிருந்தார். அவருக்கு அப்போது இருதய வருத்தம், மருந்தில்தான் ஓடிக்கொண்டிருந்தார்.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் நானும் மனைவி ஜெயாவும் கம்ப்யூட்டரில் தேடினோம். கிடைத்துவிட்டது. கேனிங் டவுனில் ஒரு வீடு, வீட்டுக்காரரே கையால் நிரப்பிய படிவம், முதல் வரியில் பிலிப்பு, பிறந்த இடம் யாழ்ப்பாணம், வேலை சவுக்காரத் தொழிற்சாலையில், அதுதான் சோப்புக் கம்பெனியில், கொதிகலனுக்குக் கரி தள்ளுவது. கீழே மனைவி எலன், பெட்டி செய்யும் வேலையில் இரண்டு பெண்பிள்ளைகள். ஜெயா வாசிக்க வாசிக்க நான் கொப்பியில் எழுதினேன்.

அடுத்த நாள் ஞாயிறுப் பூசை முடிந்ததும் அப்பாவைத் தோர்ண்டன் ஹீத்தில் அவர் இருந்த வீட்டிலிருந்து கூட்டிவந்து அதே பக்கத்தைத் திறந்தேன். அதே வீடு, அதே பிள்ளைகள். ஆனால் முதல் வரியில் எலன். விதவை, உடுப்புத் தோய்க்கிறவள் என்று இருந்தது. பிலிப்பு எங்குமே இல்லை.

அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுத் திரும்பவும் பார்த்தார். "எங்கையடா அவர்? என்னைப் பேய்க்காட்டி ஏமாத்திறியோ?"

"இல்லை மாமா, நான்தான் வாசிச்சனான். இவர் எழுதினவர்" என்றாள் ஜெயா. கொப்பியை எடுத்து அவர் முன்னால் வைத்தாள்.

வேறு பக்கமாக இருக்குமோ என்று பின்னேரம் முழுக்கத் தேடினோம். அந்தத் தெருவில் அந்த இலக்கத்துக்கு ஒரே படிவம்தான். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பிழையாகப் பார்க்க ஏலுமா, சொல்லுங்கள். அப்பாதான், "மரணச் சான்றிதழ் ஏதும் எடுக்க ஏலுமோ எண்டு பார்" என்றார்.

பதிவு அலுவலகத்துக்கு எழுதிப் போட்டேன், தபாலில் வந்தது. கணக்கெடுப்புக்குச் சரியாக ஆறு வருடத்துக்கு முன்பே பிலிப்பு நெஞ்சுச் சளியில் இறந்திருக்கிறார். தொழில் என்ற இடத்தில் சவுக்காரத் தொழிற்சாலையில் கரி தள்ளுபவர் என்று போட்டிருந்தது. அந்தத் தொழிற்சாலை விஷயம் எங்கள் குடும்பத்தில் யாருக்கும் தெரியாது, எலன் முதல் வரியில் இருந்த அந்தப் படிவத்திலும் இல்லை, ஆனால் என் கொப்பியில் இருந்தது.

அப்பா சான்றிதழை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார். "கைவிட்டவர் எண்டாலும் எங்கை எண்டு தெரிஞ்சிட்டுது, எனக்கு அதுவே காணும்" என்று மட்டும் சொன்னார். அந்த மார்கழியில் அவரும் போய்விட்டார்.

எனக்குத்தான் இன்னும் விளங்கவில்லை. இறக்கும்போது பிலிப்புவுக்கு நாற்பத்தாறு வயது என்கிறது சான்றிதழ். ஜெயா வாசித்து நான் கொப்பியில் எழுதிய வயது ஐம்பத்திரண்டு, சரியாக ஆறு கூட.