அக்கா உட்கார்ந்து பார்த்த கார்

என் மச்சான் பொய் சொன்னான். வாய் தவறிச் சொன்னது இல்லை. திண்டிவனத்தில் நின்றுகொண்டு போனில் தெளிவாகச் சொன்னான்: "அக்கா உக்காந்து பாத்துடுச்சு மாமா. சூப்பரா இருக்குதாம்."

அக்கா உட்காரவே இல்லை. அந்த நேரத்தில் அவனுடைய அக்கா, அதாவது என் மனைவி, பள்ளிக்கூட வாசலில் நின்றுகொண்டிருந்தாள். அவன்தான் அவளை அங்கே நிற்கவைத்துவிட்டுப் போயிருந்தான்.

முதலிலிருந்து சொல்கிறேன்.

நாங்கள் இருப்பது விழுப்புரத்தில். நான் தண்ணீர் மோட்டாருக்குச் செம்புக் கம்பியில் காயில் கட்டுகிறவன். என் மனைவி திண்டிவனத்தில் கணக்கு டீச்சர். இருபது வருடங்களுக்கு மேல் பஸ்ஸிலேயே போய் வந்தாள். போன வருடம் முதுகில் டிஸ்க் நகர்ந்துவிட்டது. டாக்டர் படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, "ஒன்னு பஸ்ஸை விடுங்க, இல்ல வேலையை விடுங்க" என்றார். அவளுக்கு இன்னும் நான்கு வருட சர்வீஸ் இருந்தது. வெளியே வந்ததும் என்னிடம் ஒரே ஒரு வாக்கியம் சொன்னாள்: "வேலையை விட மாட்டேன்."

அப்படியானால் கார் வாங்க வேண்டும். என்னிடம் இருந்தது மோட்டார் ஏற்றும் லோடு வண்டி. அதில் தலையணை வைத்து அவளை ஒரு வாரம் கூட்டிப் போனேன். எட்டாம் நாள் அவள் தலையணையை மட்டும் எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டாள்.

அவள் கணக்கு டீச்சர் என்பதால் கார் வேட்டையைக் கணக்காகவே ஆரம்பித்தாள். தையல் டேப் ஒன்றைக் கைப்பையில் போட்டுக்கொண்டு, உட்கார்ந்த இடத்தையெல்லாம் அளந்தாள். வீட்டு நாற்காலி, கட்டில், ஆசிரியர் அறை பெஞ்சு, ஷேர் ஆட்டோ, பல் டாக்டர் வீட்டு சோபா, கல்யாண மண்டபத்து பிளாஸ்டிக் சேர் என்று எல்லா உயரத்தையும் மார்க் நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதினாள். முடிவு: தரையிலிருந்து இருபத்தொரு அங்குலம். அந்த உயரத்தில் இருந்தால் பக்கவாட்டில் உட்கார்ந்து இரண்டு காலையும் சேர்த்து உள்ளே திருப்பலாம். இறங்கும்போது யார் கையையும் பிடிக்காமல் எழுந்துகொள்ளலாம். அதைவிட உயரம் என்றால் ஏற முடியாது. தாழ்வு என்றால் எழ முடியாது. இவ்வளவுதான் விஷயம். ஒரு குழந்தைக்குப் புரியும். என் மச்சானுக்குப் புரியவில்லை.

மச்சானைப் பற்றிச் சொல்ல வேண்டும். என் மனைவிக்கு ஒரே தம்பி. கூட்டேரிப்பட்டு ஜங்ஷனில் டயர் கடை வைத்திருக்கிறான். ஒரு முறை பெங்களூர் வரைக்கும் கார் ஓட்டிப் போய்ப் பத்திரமாகத் திரும்பி வந்தவன் என்பதால் எங்கள் சொந்தத்தில் யார் வண்டி வாங்கினாலும் அவனைத்தான் கூப்பிடுவார்கள். டயர்க்காரனுக்கு வண்டியில் தெரிவது தரையிலிருந்து ஒன்றரை அடி வரைக்கும்தான் என்று ஒருவரும் யோசித்ததில்லை. நானும்தான்.

முதலில் புது வண்டி பார்ப்போம் என்று விழுப்புரத்தில் ஒரு ஷோரூமுக்குப் போனோம். நான், அவள், மச்சான். கண்ணாடிக் கதவில் கையை வைத்த மச்சான் அப்படியே நின்றுவிட்டான்.

"மாமா, மூணு பேரா வந்துருக்கோம்."

"அதுக்கு இன்னாடா?"

"நல்ல காரியத்துக்கு மூணு பேரா போவாங்களா? உருப்படுமா?"

இந்த மூன்று பேர் விஷயம் எங்கள் பக்கத்தில் எல்லாரும் பார்ப்பதுதான். பெண் பார்க்க, நிலம் பார்க்க, மாடு பார்க்க மூன்று பேராகப் போக மாட்டார்கள். நான் தலையில் அடித்துக்கொள்வதற்குள் அவன் வாசலில் பார்க்கிங் பார்த்துக்கொண்டிருந்த வாட்ச்மேனின் கையைப் பிடித்து உள்ளே இழுத்து வந்துவிட்டான். நான்காவது ஆள் அவர்தான். நாங்கள் எந்த வண்டியில் ஏறினாலும் அவரும் ஏறினார். முன் சீட்டில் உட்கார்ந்து, "ஏசி நல்லா வருதுங்க" என்றார்.

ஷோரூம் முழுக்க உயரமான வண்டிகளாக நின்றன. "பெரிய செடான் வேணும்" என்று நான் சொன்னதும் அங்கிருந்த பையன், ஏதோ மாட்டு வண்டி கேட்டதுபோல் பார்த்தான்.

"இப்ப அதை யாரு சார் கேக்குறாங்க? உயரமா இருந்தாதான் சார் கெத்து."

"எனக்கு கெத்து வேணாம் தம்பி. காலைத் தூக்காம உக்காரணும்" என்று சொல்லிவிட்டு என் மனைவி டேப்பை எடுத்தாள். ஒவ்வொரு வண்டியாக அளந்தாள். இருபத்தெட்டு. இருபத்தொன்பது. பையன் மைலேஜ் சொன்னான், கேமரா சொன்னான், மேற்கூரை திறக்கும் என்றான். அவள் டேப்பைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

மூலையில் ஒரே ஒரு பெரிய செடான் இருந்தது. துணி போட்டு மூடியிருந்தார்கள். துணியை எடுக்கச் சொல்லி அளந்தாள். சரியாக இருபத்தொன்று. பக்கவாட்டில் உட்கார்ந்தாள். காலைத் திருப்பினாள். பின்னால் சாய்ந்து கண்ணை மூடினாள். எட்டு மாதமாக அவள் முகத்தில் இருந்த ஒரு சுருக்கம் அப்போது போனதை நான் பார்த்தேன். "இதுல தூங்கிடுவேன் போல" என்றாள்.

மச்சான் பின்னால் போய் டிக்கியைத் திறந்து திறந்து மூடினான். "மாமா, மூணு மூட்டை அரிசி போடலாம்."

விலைத்தாளைக் கொடுத்தார்கள். நான் இதுவரை கட்டிய காயிலையெல்லாம் அவிழ்த்துச் செம்பை எடைக்குப் போட்டாலும் அந்தப் பணம் வராது. எல்லாரையும்விட அந்த வாட்ச்மேன்தான் மனசு விட்டுப்போய் இறங்கினார்.

பழைய வண்டிதான் வழி. பெரிய செடானில் ஒரு லாபம் உண்டு. அதை யாரும் கேட்காததால் நான்கைந்து வருடம் ஓடியதும் விலை சரிந்துவிடும். பெரிய வீட்டு வண்டி, சின்ன வீட்டு விலைக்கு வரும். தெரிந்த மெக்கானிக் ஒருவரைச் சேர்த்துக்கொண்டு ஞாயிறுதோறும் அலைந்தோம். அவர் வந்ததில் நாங்கள் நான்கு பேர் ஆகிவிட்டோம், மச்சான் நிம்மதியானான். மெக்கானிக் எந்த வண்டியானாலும் முதலில் சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுப்பார். வெள்ளத்தில் நின்ற வண்டி என்றால் பெல்ட்டின் அடியில் சேற்றுக் கோடு இருக்கும். ஒரு வண்டியில் இருந்தது. விற்கிறவர், "பீச்சுக்குப் போய் வந்தாங்க" என்றார். இன்னொன்றில் ஏர் ஃபில்டரைத் திறந்தால் உள்ளே எலி மல்லாட்டைக் கடலைத் தோலைக் குவித்து வைத்திருந்தது. எங்கே போனாலும் என் மனைவி டேப்போடு வந்தாள். பத்தொன்பது, இருபத்திரண்டு, பத்தொன்பதரை என்று நோட்டுப் பக்கம் நிறைந்தது.

அப்புறம் அந்தப் புதன்கிழமை. நான் கெடாரில் ஒரு கொல்லையில் இருந்தேன். போர் மோட்டாரைப் பாதிக் குழாயோடு மேலே தூக்கிச் சங்கிலியில் தொங்கவிட்டிருந்தோம். பயிர் காய்ந்துகொண்டிருந்தது. மச்சான் போன் செய்தான்.

"மாமா, திண்டிவனம் கன்சல்டிங்ல ஒன்னு வந்துருக்குது. வெள்ளை. அந்த ஷோரூம் வண்டியவிட பெருசு. ஒரே ஓனர். ஜல்தி வா, சாயந்தரம் வேற பார்ட்டி வர்றான்."

பழைய கார் வாங்கி விற்கிற இடத்துக்குத்தான் இங்கே கன்சல்டிங் என்று பெயர். நான் சொன்னேன்: "குழாயத் தொங்கவிட்டுக்கினு நிக்கிறேன்டா. பள்ளிக்கூடம் விட்டதும் அக்காவை இட்டுக்கினு போ. அவ உக்காரணும். அவ சரின்னா சரி."

இதில் என் தப்பு ஒன்று இருக்கிறது. அவனை நம்பினேன். அதை ஒப்புக்கொள்கிறேன்.

நடந்ததைப் பிறகு மெக்கானிக் சொன்னார். மச்சானும் மெக்கானிக்கும் மச்சானுடைய சின்னக் காரில் பள்ளிக்கூட வாசலுக்குப் போயிருக்கிறார்கள். என் மனைவி கைப்பையோடு வெளியே வந்தாள். மச்சான் எண்ணிப் பார்த்தான். அன்று நான் இல்லை. மூன்று பேர்.

"யக்கா, மூணு பேரா போகக் கூடாது. நீ இங்கயே இரு. நாலாவது ஆளை இட்டுக்கினு வந்துடறேன்."

நேராகத் தன் மாமனார் வீட்டுக்குப் போய் அவரை ஏற்றிக்கொண்டான். வாசலைத் தாண்டும்போதே மாமனார் எண்ணினார். "மாப்ள, இப்பவே மூணு பேராச்சே." அவர் சொன்னதும் சரிதான். மச்சான், மெக்கானிக், மாமனார். என் மனைவியை ஏற்றப் போகும் வழியெல்லாம் மூன்று பேராகப் போக வேண்டும். அது ஆகாது என்று மாமனாரின் எதிர்வீட்டுக்காரரை ஏற்றினார்கள். அவர் நல்ல கனமான ஆள். பின் சீட்டில் முக்கால்வாசி அவருக்கே போய்விட்டது.

அப்புறம்தான் மச்சானுக்கு ஞானம் வந்தது. "அக்காவுக்கு முதுகு வலி. நெருக்கிக்கினு உக்காந்தா பேஜாரு ஆயிடும், பாவம்." அக்காவின் முதுகின்மேல் இரக்கப்பட்டு, அக்காவை விட்டுவிட்டு நான்கு பேரும் அக்காவுக்கு வண்டி பார்க்கப் போனார்கள்.

அங்கே நால்வரும் மாறி மாறி உட்கார்ந்திருக்கிறார்கள். மாமனாருக்கும் இடுப்பு வலி உண்டு. அவர் பின் சீட்டில் சாய்ந்து, "சொர்க்கம் மாப்ள" என்றிருக்கிறார். உடனே எனக்குப் போன். அக்கா உட்கார்ந்து பார்த்துவிட்டது, சூப்பராக இருக்கிறதாம். நான் கைச்சேற்றை வேட்டியில் துடைத்துவிட்டு முன்பணம் அனுப்பினேன்.

சாயந்தரம் நான் வீட்டுக்கு வந்தபோது வாசலில் மாலை போட்ட வெள்ளை வண்டி நின்றது. மச்சான் நான்கு டயருக்கும் எலுமிச்சம்பழம் வைத்துக்கொண்டிருந்தான். மெக்கானிக் பக்கத்தில் நின்றார். தெருமுனையில் பஸ் நின்று, என் மனைவி இடுப்பைப் பிடித்துக்கொண்டு இறங்கி வந்தாள்.

"வண்டி வந்துடுச்சு. நீ ஏன் பஸ்ல வர்ற?" என்றேன்.

"எந்த வண்டி?" என்றாள்.

மச்சான் எலுமிச்சம்பழத்தையே பார்த்தான். நான் அவனைப் பார்த்தேன். அவள் கதவைத் திறந்து உட்கார்ந்தாள். உட்கார்ந்தாள் என்றால், உள்ளே போய் விழுந்தாள். அவ்வளவு தாழ்வு. காலைத் திருப்பினாள், சாய்ந்தாள். "சீட்டு நல்லாத்தான் இருக்குது" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "எழுந்திருக்க முடியல" என்றாள்.

நானும் மெக்கானிக்கும் ஓடினோம். மச்சானும் கை கொடுக்க வந்தான். வந்தவன் நின்றான். "இருங்க, இருங்க. முதல் முதலா ஏறுன வண்டியில மூணு பேரா தூக்கக் கூடாது." சொல்லிவிட்டு நான்காவது ஆளைத் தேடி ஓடினான். சத்தியமாக ஓடினான். அந்த இடைவெளியில் என் மனைவி உள்ளே இருந்தபடியே டேப்பைத் தரைக்கு விட்டாள். பதினெட்டு.

பக்கத்து வீட்டுக்காரர் வந்தார். வந்ததும் முதலில், "மைலேஜ் எவ்ளோ தருது?" என்று கேட்டார். அப்புறம் தூக்கினோம்.

"என்னை விட்டுட்டு யாரடா உக்கார வச்ச?" என்று அவள் தம்பியைக் கேட்டாள்.

"மாமனாரு யக்கா. அவருக்கும் இடுப்பு வலிதான? வலி யாருக்கு இருந்தா இன்னா?"

"அவரு என் தோளு உயரம்தான்டா இருப்பாரு."

மறுநாள் நான் கன்சல்டிங்குக்குப் போய்ச் சண்டை போட்டேன். கடைக்காரர் அமைதியாகச் சொன்னார்: "நாலு பேரு உக்காந்து பாத்துட்டுத்தானங்க எடுத்தீங்க? முன்பணம் திரும்ப வராதுங்க." மீதிப் பணத்தையும் கட்டிவிட்டு வந்தேன்.

இனி என்ன செய்வது? வண்டியை உயர்த்த முடியாது, அவளைக் குறைக்க முடியாது. பதினெட்டுக்கும் இருபத்தொன்றுக்கும் நடுவில் மூன்று அங்குலம். வாசலில் டயர் ஏறி நிற்க மூன்று அங்குல உயரத்தில் இரண்டு சிமெண்டு மேடை போட்டேன். வண்டி மேடைமேல் நிற்கும், அவள் கால் தரையில் நிற்கும், சீட் சரியாக இருபத்தொன்று. பள்ளிக்கூடத்துக்கு, மூன்று அங்குலக் கனத்தில் இரண்டு பலகை. மூன்று மூட்டை அரிசி போடலாம் என்ற டிக்கியில் இப்போது அந்தப் பலகைகள்தான் போகின்றன. காலையில் பள்ளிக்கூட வாசலில் பலகையைப் போட்டு, வண்டியை ஏற்றி, அவளை இறக்கி, வண்டியை இறக்கி, பலகையைத் தூக்குகிறேன். சாயந்தரம் மறுபடியும். பிள்ளைகள் ஓரமாக நின்று "இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்" என்று எனக்கு வழி சொல்கிறார்கள்.

ஆனால் அவள் ஒரு நாள் கூட லீவு போடவில்லை. பின் சீட்டில் சாய்ந்தபடி நோட்டு திருத்திக்கொண்டு வருகிறாள். வண்டி நல்ல வண்டி. அதை நான் மறுக்கவில்லை. போகிற வழியில் கூட்டேரிப்பட்டு. மச்சான் கடை வாசலில் நின்று கை காட்டுவான். அவள் நோட்டிலிருந்து தலையைத் தூக்க மாட்டாள்.

இதோடு விட்டிருப்பேன். போன மாதம் திண்டிவனத்தில் ஒரு நிச்சயதார்த்தம். பந்தியில் யாரோ பலகையைப் பற்றிக் கேட்டார்கள். மச்சான் பாயசத்தைக் குடித்துக்கொண்டே எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னான்: "அக்காதான் உக்காந்து பாத்து ஓகே சொல்லுச்சு. கணக்கு டீச்சரு, மூணு அங்குலம் தப்பு பண்ணிடுச்சு." பந்தியே சிரித்தது. அவள் இலையை மூடிவிட்டு எழுந்தாள். அவளோடு வேலை செய்கிற ஒருவரும் அந்தப் பந்தியில் இருந்தார். இரண்டே நாளில் தலைமையாசிரியை கூப்பிட்டார். "பலகை எத்தனை நாளைக்கு டீச்சர்? உங்க சீட்டை நீங்களே சரியாப் பாக்க முடியலன்னா, உடம்பு ரொம்ப முடியலன்னுதானே அர்த்தம்? விருப்ப ஓய்வு யோசிச்சீங்களா?"

எந்த வேலையை விடக் கூடாது என்று இந்தக் காரையே வாங்கினோமோ, அதை விடச் சொல்லிக் கேட்கிற அளவுக்கு வந்திருக்கிறது ஒரு பொய்.

டேய் மச்சான். அடுத்த மாதம் மயிலத்தில் உன் மகளுக்குக் காது குத்துகிறாய். மைக் செட் சொல்லியிருக்கிறாய். பத்திரிகையைத் தலைமையாசிரியைக்கும் என் கையாலேயே கொடுத்துவிட்டேன். நானும் உன் அக்காவும் முன்வரிசையில் இருப்போம். உன் மாமனாரும் வருவார், எதிர்வீட்டுக்காரரும் வருவார், மெக்கானிக்கையும் நான் கூட்டி வருகிறேன். ஆள் கணக்கில் உனக்குக் குறை வராது. எல்லாருக்கும் பந்தி போடுவதற்கு முன்னால் மைக்கைப் பிடித்துப் பதில் சொல்: அன்றைக்குத் திண்டிவனத்தில் அந்த வண்டியில் உட்கார்ந்தது யார்?