நிற்காத படபடப்பு

ஸ்பீக்கரில் இரைச்சல் என்றால் எல்லாரும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். எர்த் கம்பியைச் சரிசெய்தே இரைச்சலைப் போக்குவதால் ‘எர்த்துக்காரர்’ என்றே பெயர். எலிகளை வைத்து ஆராய்ச்சி நடக்கும் ஓர் ஆய்வுக்கூடத்திலும் ஸ்பீக்கரின் எர்த்தை மாற்றிக் கொடுத்தார். முனகல் போய்விட்டது. படபடவென்ற சத்தம் மட்டும் நிற்கவில்லை.

“அதை விடுங்கண்ணே, அது கோளாறு இல்ல,” என்றாள் ஆராய்ச்சி செய்யும் பெண். “இன்னும் காதே திறக்காத எலிக்குட்டியோட காது நரம்பு செல் துடிக்கிறதை ஸ்பீக்கர்ல கேக்குறோம், அந்தச் சத்தம்.”

“காதே திறக்கலைன்னா எதைக் கேட்டும்மா துடிக்குது?”

“எதையும் கேக்கல. தானாத் துடிக்குது. துடிக்கத் துடிக்கத்தான் செல்லுல மின்சாரம் போய்வர்ற வாசலெல்லாம் ஒழுங்காகுது. இதை நிறுத்தினா அந்த வாசல் சரியா அமையாது.”

அவருக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. அன்று மாலை வீட்டில் கைக்குழந்தைப் பேத்தி அர்த்தமில்லாமல் கத்திக்கொண்டிருந்தாள். “சும்மா இரு” என்று அதட்ட வாயெடுத்தவர், எதை நிறுத்தினால் எது கெடுமோ என்று வாயை மூடிக்கொண்டார்.