நெய்ச்சோற்றுக்குப் பிறகு ஸ்குவாட்

1. வாளி

கத்தாரில் நான் ஜிம் மாஸ்டராக இருந்ததில்லை. இதை முதலிலேயே சொல்லிவிட்டால் மனசுக்கு லேசு. அங்கே ஒரு ஹோட்டல் ஜிம்மில் மூன்று வருடம் தரை துடைத்தேன், கண்ணாடி துடைத்தேன், அடுத்தவன் வியர்வை துடைத்தேன். ஆள் இல்லாத நேரத்தில் நானும் பெஞ்சில் படுத்து நாலு தரம் பாரம் தூக்குவேன். அப்படித்தான் நெஞ்சும் கையும் கொஞ்சம் பொங்கின.

கிழமையின் ஏழு நாளில் ஒரு நாள், கால் பயிற்சி நாளில், எனக்கு வேலை கூட. மலைபோல வரும் ஆட்கள் பாரைத் தோளில் வைத்துக்கொண்டு குந்தி எழும்புவார்கள். நாலாவது ஐந்தாவது தரத்தில் யாராவது ஒருவனுக்கு முகம் வெளிறும். உடனே மனேஜர் என் பக்கம் திரும்பி ஒரே ஒரு சொல் சொல்வான்: "பக்கெட்!" நான் வாளியோடு ஓடுவேன். ஏன் இவ்வளவு பெரிய ஆட்கள் இப்படி ஆகிறார்கள் என்று மூன்று வருடத்தில் ஒருநாளும் யோசித்ததில்லை. வாளியைக் கழுவும் ஆள் அதை யோசிப்பதில்லை.

தொண்ணூறுகளின் நடுவில் கல்முனைக்குத் திரும்பும்போது பெட்டியில் ஒரு டீ-சேர்ட் இருந்தது. முதுகில் 'ஜிம் ஸ்டாஃப்' என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. துடைக்கிறவனும் ஸ்டாஃப்தானே. அதைப் போட்டுக்கொண்டு ஒருநாள் காலையில் சந்தைக்குள் மீன் வாங்கப் போனேன். பின்னேரமாகும்போது நான் மாஸ்டர். யாரும் என்னிடம் கேட்கவில்லை, நானும் யாரையும் திருத்தவில்லை.

ரைஸ் மில் ஹாஜியார் தன் பழைய நெல்லு ஸ்டோரைச் சும்மா தந்தார். வெல்டிங் கடையில் பாரைத் தாங்கும் ராக் அடித்தோம். எவர்சில்வர் தாச்சிச் சட்டிகளில் சீமெந்து ஊற்றி, நடுவில் குழாய் வைத்து, பிளேட் வார்த்தோம். அவற்றைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு வரும்போது சென்றி பொயின்டில் ஆமிக்காரர் மறித்தார்கள். வட்டமான, பாரமான சாமான். குண்டு வெடிக்கிற அந்த யுத்த காலத்தில் அது எப்படித் தெரிந்திருக்கும் என்று நீங்களே நினைத்துப் பாருங்கள். சிங்களத்தில் எனக்குத் தெரிந்த பத்துச் சொல்லும் பயத்தில் மறந்துவிட, குழாயில் ரெண்டு பிளேட்டைக் கோத்து, கையை மடக்கிக் காட்டினேன். ஒருவன் துவக்கைத் தோழனிடம் கொடுத்துவிட்டுத் தானும் மடக்கிப் பார்த்தான். பிறகு தோழன். பிறகு மூன்றாமவன். அரை மணித்தியாலம் அங்கே போட்டி நடந்தது. என் முதல் வகுப்பு அதுதான்.

2. சாரனுக்குள் இருந்த கால்

வந்தவர்கள் பத்துப் பேர். எல்லோருக்கும் நெஞ்சும் கையும்தான் வேண்டும். கால் பயிற்சி செய்வோமா என்று கேட்டால், "சாரனுக்குள்ள இரிக்கிறத யாரு மாஸ்டர் பாக்கப்போறா?" என்பார்கள். இடுப்பிலிருந்து கணுக்கால்வரை மூடுகிற லுங்கிதானே, எனக்கும் அது நியாயமாகவே பட்டது. என் உடம்பு அப்போது மேலே ஆலமரம், கீழே ரெண்டு அகப்பைக் காம்பு.

பெரும்போக நெல் வெட்டுக்கு ஒன்றரை மாதம் இருக்கும்போது ஹாஜியார் வந்தார்.

"மாஸ்டர், வெட்டு வருகுது. எனக்கு நெல்லுப் போட இடம் வேணும். கண்ணாடிக்கு முன்னால நிண்டு கைய மடக்கிற பத்துப் பேருக்காக நான் நெல்ல மழையில போட ஏலுமா?"

எனக்குக் கலியாணம் பேசி வைத்திருந்த நேரம் அது. பெண் வீட்டில் மாப்பிள்ளைக்கு என்ன தொழில் என்று கேட்டதற்கு ஜிம் மாஸ்டர் என்றுதான் சொல்லியிருந்தார்கள்.

"ஒரு வழி இரிக்கி," என்றார் ஹாஜியார். அவர் எங்கள் ஊர் ஃபுட்போல் கழகத்தின் தலைவர். "நம்மட டீம் முதல் பாதியில சிங்கம். ரெண்டாம் பாதியில கால் கழண்டு போகுது. அவங்கட கால நீங்க பலமாக்கித் தாங்க, நான் நெல்லுக்கு வேற வழி பாக்கிறன். ஏலுமா?"

"ஏலும் ஹாஜியார். கத்தாரில கால் நாளிலதான் எனக்கு வேலையே."

பொய் சொல்லவில்லை. வாளிக் கதையைத் திரும்பப் படித்துப் பாருங்கள்.

"அப்ப மூணு கிழமையால வாற ஞாயிறு. அசர் தொழுகைக்குப் பொறகு டீமோட வாறன். நீங்க செஞ்சு காட்டுங்க. எனக்கு மனசு நிறைஞ்சா இடம் உங்கட."

அடுத்த நாள் சுபஹு தொழுத கையோடு ஸ்டோரைத் திறந்து, கத்தாரில் பார்த்ததை நினைவுபடுத்தி, வாழ்க்கையில் முதல்முறையாக ஸ்குவாட் செய்தேன். வெறும் தேத்தண்ணி மட்டும் குடித்த வயிறு. பார்த்துக்கொண்டிருந்தது ஒரே ஒரு ஆள், கணபதி. காரைதீவிலிருந்து விடியச் சைக்கிளில் வந்து மில்லில் மூடை தூக்குகிறவன். மூடை தூக்குகிறவரை நாங்கள் நாட்டாமை என்போம். என் வயசுதான். நிறுக்கிற தராசில் குந்திக்கொண்டு பீடி பற்றவைப்பான்.

"மாஸ்டர், என்ன மூச்ச அடைச்சுக்கொண்டு எழும்புறீங்க? முகமெல்லாம் பலூன் மாதிரி இருக்கு."

"கணபதி, இது விஞ்ஞானம். உனக்கு விளங்காது."

"ஓம் ஓம்," என்றுவிட்டுப் புகையை மெதுவாக ஊதினான்.

மூன்றாவது கிழமை முடிவில் எண்பது கிலோவை ஐந்து தரம் எடுத்தேன். தலைச்சுற்று இல்லை, ஒன்றும் இல்லை. உலகத்தில் எனக்குத் தெரியாதது ஒன்றும் இல்லை என்று நினைத்தேன்.

3. ஆறு பேர், ஒரு தட்டு

அந்த ஞாயிற்றுக்கிழமை பகல்தான் ஹாஜியாரின் தங்கை மகளுக்குக் கலியாணம். போகாமல் விட ஏலாது. ஓரமாக உட்கார்ந்து, ரெண்டு பிடி தின்றுவிட்டு நழுவலாம் என்று கணக்குப் போட்டேன். எங்கள் விருந்தில் நழுவ முடியாது என்பதை மறந்துவிட்டேன்.

விளங்காதவர்களுக்குச் சொல்கிறேன். எங்கள் கலியாணச் சாப்பாடு சஹனில். ஒரு பெரிய தட்டு நிறைய நெய்ச்சோறு, நடுவில் இறைச்சி, சுற்றிவர ஆறு பேர். எல்லோரும் ஒரே தட்டில் கை வைப்போம். ஒருவர் முந்திக் கையை எடுத்தால் மற்றவர்கள் கூச்சத்தில் அரை வயிற்றோடு எழும்பிவிடுவார்கள். ஆகையால் கடைசி ஆள் முடிக்கும்வரை எல்லோரும் கையைத் தட்டில் வைத்திருப்பதுதான் மரியாதை.

"மாஸ்டர்! அங்க எங்க போறீங்க? நம்மட சஹனுக்கு வாங்க!"

ஹாஜியார். எனக்கு நேர் எதிரே உட்கார்ந்தார். பிஸ்மில்லாச் சொல்லி முதல் பிடி எடுத்ததும் பெரிய இறைச்சித் துண்டொன்றை என் பக்கம் தள்ளினார்.

"தின்னுங்க. பின்னேரம் பாரம் தூக்கிற ஆள்."

"போதும் ஹாஜியார்."

"போதுமா? பாருங்கப்பா, இந்த உடம்புக்குப் போதுமாம்!"

அவ்வளவுதான். மற்ற நாலு பேரும் தங்கள் பக்கத்துத் துண்டுகளையும் எனக்குத் தள்ளினார்கள். வலது பக்கத்தில் இருந்தவர் கோழிக்கால் ஒன்றைச் சேர்த்தார். "கால் பயிற்சிக்குக் கால்," என்றார். இடம் தருகிற மனுசன் தள்ளுகிற இறைச்சியை எப்படித் திருப்பித் தள்ளுவது? தின்றேன். கடைசியாக இனிப்புக்கு வட்டிலப்பம். ஹாஜியாருக்குச் சீனி வருத்தம், இனிப்பு ஆகாது. அவருடைய பங்கும் எனக்கே வந்தது.

எழும்பும்போது மணி ரெண்டு. அசருக்கு ஒன்றரை மணித்தியாலம்தான் இருந்தது.

4. நாலாவது தரம்

ஸ்டோருக்குள் ஹாஜியார் கதிரையில் உட்கார்ந்திருந்தார். டீம்காரர் பதினெட்டுப் பேர் சுவரோரம். மில் பூட்டிய நாளென்றாலும் கணபதி வந்திருந்தான். "மூணு கிழமை பாத்த படம், முடிவப் பாக்க வேணாமா?" என்றான்.

நாற்பது கிலோ. ஐந்து தரம். சுகம். அறுபது. சுகம். எண்பதை ஏற்றப்போகும்போது ஹாஜியார் பக்கத்தில் இருந்தவரிடம் மெதுவாகத்தான் சொன்னார், ஆனால் எனக்குக் கேட்டது.

"நம்மட நெல்லு மூடையும் இந்தப் பாரம் வரும், என்ன?"

என் தலைக்குள் சைத்தான் எழும்பினான். எண்பதைத் தாண்டி நூறு ஏற்றினேன். அதுவரை ஒருநாளும் தொடாத பாரம்.

முதல் தரம் இறங்கி எழும்பினேன். கைதட்டினார்கள். ரெண்டாவது தரம் வயிற்றுக்குள் நெய்ச்சோறு இடம் மாறிப் படுத்தது. மூன்றாவது தரம் காதுக்குள் மில் ஓடுகிற சத்தம் கேட்டது. மில் பூட்டிய நாள் என்பது எனக்கு நினைவிருந்தது. அதுதான் பயம். நெற்றியில் குளிர்ந்த வியர்வை. கன்னத்தை உப்பிப் பல்லைக் கடித்துக்கொண்டு நாலாவது தரம் இறங்கினேன். வாசல் வெளிச்சம் சுருங்கிச் சுருங்கிச் சுண்டங்காய் அளவானது. ஹாஜியார் ரெண்டாகத் தெரிந்தார். எழும்ப வேண்டும் என்று முழங்காலுக்குச் சொன்னேன். முழங்கால் சம்மதிக்கவில்லை.

திடீரென்று பாரம் லேசானது. பின்னால் கணபதி. ரெண்டு கையாலும் பாரைப் பிடித்து, என்னோடு சேர்த்தே தூக்கி ராக்கில் வைத்துவிட்டான்.

"படுங்க மாஸ்டர், படுங்க. இடுப்புப் பெல்ட்டக் கழட்டுங்கடா. சுத்தி நிக்காதீங்க, காத்து வரட்டும்!" என் காலைத் தூக்கி ஒரு வைக்கோல் கட்டின்மேல் போட்டான்.

வயிற்றிலிருந்து ஒன்று புறப்பட்டு வந்தது. நான் ஒருக்களித்துத் திரும்பி, என் தொழிலில் எனக்கு நன்றாகத் தெரிந்த ஒரே சொல்லைச் சொன்னேன்.

"வாளி!"

வாளி இருக்கவில்லை. கணபதி மூலையில் கைக்குப் பட்டதை எடுத்து நீட்டினான். அது ஹாஜியாரின் வாப்பா காலத்து மரைக்கால். நெல் அளக்கிற பெட்டி, பித்தளைப் பட்டி அடித்தது. அளவுக்குக் குறைவில்லாமல் கொடுத்தேன்.

5. இடம் யாருக்கு

கணபதி தண்ணீரைக் கொஞ்சங் கொஞ்சமாகக் குடிக்கத் தந்தான். கண் தெளிந்தபோது ஹாஜியார் என்மேல் குனிந்து நின்றார்.

"மகன், இப்ப எப்பிடி?"

"பரவாயில்ல ஹாஜியார்."

"கத்தாரில இப்பிடி நடந்தா என்ன செய்வாங்க?"

படுத்திருக்கும் மனுசனுக்குப் பொய் சொல்ல வருவதில்லை.

"தெரியா ஹாஜியார். நான் அங்க மாஸ்டர் இல்ல. துடைக்கிற ஆள். ஆரும் விழுந்தா வாளி கொண்டு வாறதுதான் என்ட வேல."

ஹாஜியார் என்னைப் பார்த்தார். மரைக்காலைப் பார்த்தார். பிறகு அவருடைய வயிறு ஆடத் தொடங்கியது. கதிரையைப் பிடித்துக்கொண்டு கண்ணீர் வரச் சிரித்தார். டீம் முழுக்கச் சிரித்தது. படுத்தபடி நானும் சிரித்தேன், வயிறு நொந்தது. சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவர் கேட்டார்:

"எல்லாம் சரி. இப்ப இந்தப் பொடியன்மார யாரு பழக்கிற? இல்லாட்டி நான் நெல்லக் கொண்டு வாறன்."

போயிற்று ஜிம், போயிற்று மாப்பிள்ளைப் பட்டம் என்று கூரையைப் பார்த்தேன்.

"மாஸ்டர்ல பெரிய பிழை இல்ல ஹாஜியார்," என்றான் கணபதி. "குந்திற விதம் நல்லம், முதுகு நேர். மூணு பிழைதான். ஒண்டு, சோறு திண்டிட்டுப் பாரம் எடுத்தது. நாங்க லொறி வாற நாளில வயிறு நிறையத் திண்ண மாட்டம். ரெண்டாவது, பழகாத பாரத்தச் சனத்துக்குக் காட்ட ஏத்தினது. மூணாவது, மூச்ச அடைச்சது. மூடை தூக்கக்குள்ள நாங்க ஏன் கத்திறம்? சும்மாவா?"

சொல்லிவிட்டுச் சாரனை மடித்துக் கட்டினான். பாருக்குக் கீழே போனான். இறங்கினான். எழும்பும்போது மில்லில் தினமும் கேட்கிற அதே சத்தம்: "ஹேய்...யோ!" பத்துத் தரம். கன்னம் உப்பவில்லை, முகம் வெளிறவில்லை. அந்தக் கத்தலில் மூச்சு முழுக்க வெளியே போகிறது என்பதை நான் அப்போதுதான் கண்டேன். ஆறு மாதமாகத் தினமும் கேட்ட சத்தம்!

அடுத்ததாக நடந்ததை யாரும் எதிர்பார்க்கவில்லை. ஹாஜியார் எழும்பினார். சால்வையைக் கதிரையில் போட்டார். "பாரமில்லாத பாரக் கொண்டாங்க," என்றார். மில்லுக்கு முதலாளி ஆவதற்கு முன் அவரும் மூடை தூக்கினவர்தான் என்பது எங்களில் பலருக்குத் தெரியாது. வெறும் பாரைத் தோளில் வைத்துக்கொண்டு குந்தி எழும்பினார். "ஹேய்...யோ!" முதல் சத்தத்தில் குரல் உடைந்தது. ரெண்டாவதில் கூரையிலிருந்த புறா பறந்தது. மூன்றாவதற்குப் பதினெட்டுப் பேரும் சேர்ந்து கத்தினார்கள்.

மூச்சு வாங்க வந்து உட்கார்ந்தார்.

"இடம் இரிக்கட்டும். ஆனா மாஸ்டர் ரெண்டு பேர். கால் நாளில கணபதி. மத்த நாளில துடைக்கிற மாஸ்டர்."

அந்தப் போகம் நெல்லும் வந்தது, நாங்களும் இருந்தோம். பாதி ஸ்டோரில் மூடை, பாதியில் ஜிம். அடுத்த மெட்ச்சில் எங்கள் டீம் தோற்றது. ஆனால் ரெண்டாம் பாதி முடியும்வரை ஓடித்தான் தோற்றது. ஹாஜியார் அதற்கே இனிப்பு வாங்கிக் கொடுத்தார். பெண் வீட்டுக்காரரும் மரைக்கால் கதையைக் கேள்விப்பட்டார்கள். பெண்தான் சொன்னாளாம், "உண்மையச் சொன்ன மாப்பிள தானே, சோறு குறைச்சுப் போட்டா சரி" என்று. இன்றுவரை குறைத்துத்தான் போடுகிறாள்.

ஜிம்முக்குப் புதிதாக வருகிற தம்பிமாருக்கு இந்தக் கதையைச் சொல்லித்தான் காலுக்குப் பாரம் கொடுப்பேன். வயிறு நிறையத் தின்றால் ரெண்டு மூன்று மணித்தியாலம் பொறு. ஏற்றும் பாரத்தைக் கொஞ்சங் கொஞ்சமாய் ஏற்று. எழும்பும்போது மூச்சை விடு. கண் இருண்டால் வீரம் வேண்டாம், பாரை வைத்துவிட்டுப் படு. நெஞ்சு நொந்தாலோ, மயக்கம் திரும்பத் திரும்ப வந்தாலோ என்னிடம் வராதே, டொக்டரிடம் போ. நான் துடைக்கிற ஆள்.

அந்தக் கலியாணத்துக்குப் பிறகு எத்தனையோ சஹனில் ஹாஜியாரோடு உட்கார்ந்துவிட்டேன். யாராவது இறைச்சித் துண்டை என் பக்கம் தள்ளினால் போதும், அவர் கை குறுக்கே வரும்.

"மாஸ்டருக்கு வைக்காதீங்கப்பா. இவருக்கு வைக்கிறதெல்லாம் கடைசியில என்ட மரைக்காலுக்குத்தான் வரும்."