பாய் மடித்தவரும் கூடாரம் மடித்தவரும்

1985 ஒக்டோபர் 15, செவ்வாய். காலை ஒன்பது மணிக்கு கோப்பன்ஹேகனுக்கு அருகே டோஸ்ட்ருப்பில் ரயில் ஏறி, ரொஸ்கில்டில் வண்டி மாறினேன். கோர்சூரில் ரயிலே கப்பலுக்குள் நுழைந்தது. நியூபோர்க் வரை ஒரு மணிநேரக் கடல். மேல்தட்டில் கோப்பி எட்டுக் குரோணர். பிறகு ஓடென்ஸ, ஹோர்சன்ஸ். ஸ்கான்டர்போர்க்கில் கடைசி மாற்றம். அங்கிருந்து சில்க்போர்க்குக்கு முப்பது கிலோமீற்றர், வழியெல்லாம் ஏரிகள். முந்நூறு கிலோமீற்றருக்கு மேல் பயணம் செய்வது ஒரு லத்தீன் பாடத்தைக் கேட்க என்றதும், பக்கத்தில் இருந்த டேனியர் அந்த மொழி பேச இன்னும் ஆள் இருக்கிறதா என்று விசாரித்தார். சில்க்போர்க்கில் ஒருவர் இருக்கிறார் என்றேன்.

அவர் என் நண்பர் சவிரிமுத்து மாஸ்டர். மன்னாரில் குருமட மாணவர்களுக்கு லத்தீன் படிப்பித்தவர். இங்கே தொழிற்சாலையொன்றில் பெட்டி அடுக்குகிறார். இந்த நாட்டில் மாலை வகுப்பில் எவரும் எதையும் படிப்பிக்கலாம். ஆனால் பத்துப் பேர் சேராவிட்டால் வகுப்பு கிடையாது. அன்று மாலை இலவச முன்னோட்டப் பாடம். அதன் முடிவில் உயரும் கைகளை எண்ணித்தான் தீர்மானம்.

வீட்டில் அவர் மனைவி பிலோமினா மீன்குழம்போடு காத்திருந்தார்.

“ரெண்டு கிழமையா இந்த மனுசன் நித்திரையிலயும் டேனிஷ் கதைக்குது, அண்ணை. வகுப்புக் கிடைக்காட்டி இவரை ஆர் வச்சுப் பாக்கிறது?”

மாஸ்டர் சிரிக்கவில்லை. “கிடைக்காட்டி இனி ஒருத்தரிட்டயும் கேக்கமாட்டன். பெட்டியோட சரி.”

மாலை ஏழு மணிக்குப் பள்ளிக்கூட அறையொன்றில் பதினான்கு பேர் வந்திருந்தார்கள். மாஸ்டர் ஒரேயொரு வினைச்சொல்லை எடுத்துக்கொண்டார்: ப்ளிகாரே. லத்தீனில் மடித்தல். பிரெஞ்சில் அது ‘ப்ளியே’ ஆகி இன்றும் மடித்தலாகவே இருக்கிறது. ஸ்பானியத்தில் ‘யெகார்’, போர்த்துக்கேயத்தில் ‘ஷெகார்’. அங்கே பொருள் வந்துசேர்தல். ருமேனியத்திலும் அந்தச் சொல்லுக்கு ‘வந்துசேர்தல்’தான் என்று கரும்பலகையில் எழுதினார்.

பின்வரிசையில் ஒரு பெண் எழுந்தார். பெயர் டொய்னா, ருமேனியாவிலிருந்து வந்தவர். அது பிழை என்றார் டேனிஷில். அவருடைய கணவர் அந்தச் சொல்லைச் சொன்னால் இவர் மேலங்கியை எடுத்துக் கொடுப்பாராம். அவர் வெளிக்கிடுகிறார் என்று அர்த்தமாம்.

முன்வரிசையில் ஒருவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மாஸ்டரின் சுண்ணக்கட்டி பலகையருகே நின்றுவிட்டது. என் பக்கம் திரும்பித் தமிழில் மெல்லச் சொன்னார்: “அண்ணை, ருமேனிய அகராதி நான் கண்ணாலயும் கண்டதில்லை.”

பிறகு அதையே சபைக்கு டேனிஷிலும் சொன்னார். எழுதியதை அழித்து ‘புறப்படுதல்’ என்று எழுதினார். மடிப்பது எப்படி ஓரிடத்தில் வருவதும் இன்னோரிடத்தில் போவதும் ஆகும் என்று அவர்களையே கேட்டார்.

ஏரியில் பாய்ப்படகு ஓட்டும் முதியவர் ஒருவர் முதலில் பேசினார். கரைக்கு வந்தால் பாயை மடிப்பேன், அதுதான் வந்துசேர்தல் என்றார். கோடையெல்லாம் ஏரிக்கரையில் கூடாரம் போடும் ஆசிரியை ஒருவர், கூடாரத்தை மடித்தால் கிளம்புகிறோம் என்றுதானே பொருள் என்றார். அறிஞர்கள் சொல்லும் விளக்கமும் ஏறத்தாழ இதுவே என்றார் மாஸ்டர். மேற்கே கடலோடிகளின் வாயில் ஒரு வழி, கிழக்கே படைவீரரின் வாயில் இன்னொரு வழி. அதன்பின் அரைமணி நேரம் அறையில் எல்லோரும் பேசினார்கள்.

ஒன்பது மணிக்கு மாலை வகுப்புகளின் பொறுப்பாளர் வந்து கைகளை எண்ணினார். ஒன்பது. அவர் வருத்தத்தோடு உதட்டைப் பிதுக்கினார். டொய்னா அதுவரை கையைக் கட்டிக்கொண்டிருந்தார். பிறகு கையை உயர்த்தி, இவரைத் திருத்த ஒருவராவது வேண்டுமே என்றார். அறை சிரித்தது. மாஸ்டர்தான் எல்லோரையும்விட அதிகம் சிரித்தார்.

16ஆம் திகதி, புதன். ரயிலில் திரும்பும்போது எங்கள் ஊர்ப் பேச்சுமேடைகளை நினைத்துக்கொண்டேன். பேச்சாளர் பிழைவிட்டால் நாங்கள் வெளியே வந்துதான் சொல்வோம். அடுத்த கூட்டத்துக்குப் போகவும் மாட்டோம். இங்கே பிழை கண்டவரால்தான் வகுப்புக் கூடியது. இந்த நாட்டில் எனக்குப் பிடித்தவற்றுள் இதையும் சேர்த்துக்கொண்டேன்.

வேலைக்குப் போகும் வழியில் மாஸ்டர் என்னை நிலையத்தில் ஏற்றிவிட்டிருந்தார். வண்டி நகரத் தொடங்கியதும் கூடவே நடந்தபடி சொன்னார்:

“கோப்பன்ஹேகனில ருமேனிய அகராதி கிடைச்சா உடன தபாலில போடுங்கோ. செவ்வாய்க்கு முன்னம் வேணும். அந்த மனுசி விடாது.”